ஒன்பது பேர் சேர்ந்து வாங்கும் பதக்கம்

ஜெர்மனியில் ஒரு வீடு பற்றி எரிந்தால் அணைக்க வருபவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் தீயணைப்பு வீரர் அல்ல. தச்சராகவோ வங்கி ஊழியராகவோ இருப்பார். பேஜர் ஒலித்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடிவருவார். முழுநேரத் தீயணைப்புப் படை அங்கே நூற்றுச் சொச்சம் நகரங்களில்தான் உண்டு. மற்ற ஊர்களைக் காப்பது ஏறக்குறைய 10 லட்சம் தன்னார்வலர்கள். ஆள் போதாவிட்டால் ஊர் நிர்வாகம் கட்டாயப்படுத்தி ஆள் எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது; வட ஜெர்மனியின் சில சிற்றூர்களில் அப்படி எடுத்தும் இருக்கிறார்கள். அடுத்த தலைமுறைத் தன்னார்வலர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு அந்நாடு காட்டும் விடை, யூகெண்ட்ஃபாயர்வேர் எனப்படும் இளைஞர் தீயணைப்புப் படை.

இதன் தேசிய அமைப்பு 1964இல் உருவானது. பல மாநிலங்களில் 10 வயதில் சேரலாம்; இன்று நாடு முழுவதும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் எடைபோட வேண்டியவை வேறு இரண்டு: கொடுக்கும் பயிற்சி மெய்யான பயிற்சிதானா, அது அந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

முதல் கேள்விக்கு விடை காண, அங்கே இளைஞர் பெறக்கூடிய மிக உயர்ந்த பதக்கத்தைப் பார்த்தால் போதும். லைஸ்டுங்ஸ்ஷ்பாங்கே என்று பெயர். 15 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒன்பது பேர் கொண்ட குழுவாக ஒரே நாளில் ஐந்து சோதனைகளைக் கடக்க வேண்டும்: 1,500 மீட்டர் தொடர் ஓட்டம், குண்டு எறிதல், கேள்வி பதில், தீயைத் தாக்கும் ஒத்திகை, ஹோஸ் விரிக்கும் வேகப் பயிற்சி. கடைசியாகச் சொன்னதில் எட்டு ஹோஸ்களை ஒன்றோடொன்று பூட்டி 120 மீட்டருக்கு இழுக்க வேண்டும். கொடுக்கப்படும் நேரம் 75 விநாடி. வேகம் மட்டும் போதாது, ஹோஸ் எங்கும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. முறுக்கிய ஹோஸில் தண்ணீர் தடைபட்டால் முன்னே ஹோஸின் முனையைப் பிடித்து நிற்பவர் தண்ணீரின்றி நெருப்பைப் பார்த்து நிற்க நேரும். எனவே இது மைதான விளையாட்டு அல்ல. தாக்குதல் ஒத்திகையிலும் அப்படித்தான். தலைவர், பம்ப் இயக்குபவர், செய்தி கொண்டு ஓடுபவர், இவர்களோடு இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடிகள்: பெரியவர்களின் தீயணைப்புக் குழுவில் உள்ள அதே வேலைப் பிரிவினை.

என்னை மிகவும் கவர்ந்தது, இந்தப் பதக்கத்தைத் தனியாக யாரும் வாங்க முடியாது என்ற விதி. நன்றாக ஓடும் பையனும் ஓட முடியாமல் திணறும் பையனும் சேர்ந்தே தேறுகிறார்கள், சேர்ந்தே தோற்கிறார்கள். புகை சூழ்ந்த வீட்டுக்குள் கூட இருப்பவனை விட்டுவிட்டு வரக் கூடாது என்பதை 15 வயதில் இதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

இத்தனை பயிற்சி பெற்றாலும் இந்த இளைஞர்களை நெருப்பின் அருகே விடுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் இளைஞர் அமைப்பு தீயணைப்புப் பிரிவுகளை அமைத்து, குண்டுவீச்சில் எரிந்த நகரங்களுக்குப் பதின்வயதுப் பையன்களை அனுப்பியது. அந்த வரலாற்றைச் சுமக்கும் நாட்டில் இன்று பவேரியாவில் 16 வயதானவர் ஆபத்துப் பகுதிக்கு வெளியேதான் உதவலாம். சுவாசக் கருவி அணிந்து உள்ளே நுழைய 18 வயது, மருத்துவப் பரிசோதனை, தனிப் பயிற்சி மூன்றும் வேண்டும். ஆள் பற்றாக்குறை எவ்வளவு கடுமையானாலும் இந்த எல்லை தளரக் கூடாது.

பயிற்சி பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்ற இரண்டாவது கேள்வியில்தான் குறை தெரிகிறது. நாடு தழுவிய பயிற்சி விதி வகுத்த வரிசையில், பெரியவர்கள் படையில் சேருபவருக்கு முதலில் குறைந்தது 70 மணி நேர அடிப்படைப் பயிற்சி. பிறகு இரண்டு ஆண்டுகளில் 80 மணி நேரம். இருவர் குழுவை நடத்த 35. ஒன்பது பேர் குழுவுக்குத் தலைவராக இன்னும் 70. தெளிவான ஏறுமுகம்தான். ஆனால் இளைஞர் படையில் கற்றதை இந்தக் கணக்கில் எவ்வளவு சேர்ப்பது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. எட்டு ஆண்டுகள் முடிச்சுப் போட்டு, ஹோஸ் விரித்து, பம்ப் இணைத்துப் பழகிய பெண், நேற்று சேர்ந்தவரோடு அதே பெஞ்சில் அதே முடிச்சை மறுபடி கற்க நேர்ந்தால் அவளுக்கு என்ன தோன்றும்? அதுவும் மேற்படிப்புக்கோ வேலைக்கோ ஊரை விட்டுப் போகும் வயதில்.

பெண்கள் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று கணக்கிடுவதில் எச்சரிக்கை தேவை. இளைஞர் படையில் பெண்கள் ஏறத்தாழ முப்பது விழுக்காடு. தன்னார்வப் படையில் பத்து, பதினொன்று. இரண்டையும் அருகருகே வைத்து, மூன்றில் இரண்டு பெண்கள் விலகிவிடுகிறார்கள் என்று சொல்வது தவறான கணக்கு. பெண்களைச் சேர்க்காத காலத்தில் சேர்ந்த ஆண்கள் இன்னும் படையில் இருப்பதும் அந்த எண்ணுக்குள் அடங்கும். என்றாலும் இடைவெளி முழுவதையும் வயதின் தலையில் கட்டிவிட முடியாது. தங்கள் அளவுக்குச் சீருடையும் தனி உடைமாற்றும் அறையும் இல்லாத நிலையங்கள் இருக்கும்வரை, பதினெட்டு வயதுப் பெண் தயங்குவதற்குக் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இது ஆள் சேர்க்கும் முகாம் அல்ல, இளைஞர் அமைப்பு; கூடாரம் அடிப்பதும் விளையாடுவதும் பணியில் பாதி என்று இளைஞர் படையை நடத்துபவர்கள் பதில் சொல்வார்கள். அதை ஏற்கிறேன். வெளியேறும் பிள்ளையும் முதலுதவியும் ஒழுங்கும் கற்றே போகிறது. ஆனால் ஊரின் பாதுகாப்புக்கு விடை இதுதான் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, 18 வயதுக்குப் பின் என்ன என்று கேட்டால் இது வெறும் இளைஞர் அமைப்பு என்று ஒதுங்குவது நியாயமில்லை.

ஆகவே என் முடிவு: பயிற்சி என்ற அளவில் இது முதல் தரம். முன்னேற்றம் என்ற அளவில் பாதி வேலை. மீதியை முடிக்க வேண்டியவர்கள் பெரியவர்கள் படையினர். 16 வயதிலேயே அடிப்படைப் பயிற்சியின் வகுப்புப் பகுதியை எல்லா மாநிலங்களும் ஒரே அளவில் ஏற்றுக்கொள்ளலாம். பெரியவர்களின் வாராந்தரப் பயிற்சி மாலைக்கு அந்த வயதிலேயே அழைத்து, ஒரு மூத்தவரோடு சேர்த்துவிடலாம். ஊர் மாறுபவரின் சான்றுகளைப் புதிய ஊர்ப் படை கேள்வியின்றி ஏற்கலாம். இவை எதற்கும் புதிய கட்டடமோ பெருந்தொகையோ தேவையில்லை. மாநில உள்துறைகள் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரே விதியை எழுதினால் போதும்.