ஹேக்கத்தான் போட்டியா?
ஹேக்கத்தானை 'நிரலாக்கப் போட்டி' என்று பெயர்த்து எழுதுவார் உளர். பொருந்துமா? மராத்தான் என்பது கிரேக்க ஊர்ப்பெயர். அதன் வாலை வெட்டி ஒட்டியதே இச்சொல். 1999 ஜூனில், ஓப்பன் பிஎஸ்டி என்னும் இயக்குதளத்தை ஆக்குவோர் ஏறத்தாழப் பதின்மர் கனடாவின் கால்கரி நகரில் கூடினர். மறையாக்க நிரல்களை அமெரிக்க ஏற்றுமதி விதிகள் கட்டுப்படுத்தியமையால், அந்நாட்டுக்கு வெளியே அமர்ந்து எழுதினர். பரிசு இல்லை, தோற்றவரும் இல்லை.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தார் கூடி லயத்து வடிகாலைத் துப்புரவாக்குவதைக் கோத்தோங் ரோயோங் என்பர். அதுவே இதற்கு இனம், போட்டியன்று.

தோட்டப்பள்ளியில் இதனை நடத்துவோர் கோப்பைக்கு முன் சிக்கலைத் தேடவேண்டும்: இரு நாளில் முடிவதாய், பிள்ளைகள் அறிந்ததாய் - கொழுந்து நிறுவைக் கணக்கு போல. கணினி நான்கே எனில், நால்வர் விசையழுத்த, ஏனையோர் தாளில் வரையலாம். போட்டியாக்கினால் அந்த ஏனையோர் சனிக்கிழமை மாலையே வீடு திரும்பிவிடுவர்.