வற்கடமும் பொருளதிகாரமும்

இறையனார் களவியலுரை கூறும் பன்னீரியாண்டு வற்கடத்தை நூல் தோன்றிய கதையாகவே பலரும் கொள்வர். அதன்கண் அமைந்த பொருளியற் பேச்சினையே யாம் ஈண்டு நோக்குகின்றோம். இனிப் புரத்தல் இயலாது என்று பாண்டியன் புலவர்க்கு விடை கொடுக்கின்றான். மழைக்குப்பின் தேடுங்கால் எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் கிடைத்திலர். கதையே எனினும், பசி கல்விமரபையும் அறுக்கும் என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் பகுதி வேறு யாம் கண்டிலேம்.

1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவுக் குறைவினும் அதனைப் பெறும் உரிமையை உழைப்பாளர் இழந்தமையே பெரிது என 1981-இல் எழுதினார். இந்நோக்கிற் காணின், புலவர்க்கு அவ்வுரிமை அரசன் கொடை; அது நின்றதும் நாடு நீங்கினர். கொடை பெறாத உழவர் யாது செய்தனர்? நாட்டின் துயரைப் பொதுப்படச் சுட்டும் ஒரு தொடருள் உரைகாரர் அவரை மறைத்துவிட்டார்.