முருகனாய் வந்த சிறுமி

இணுவிற் கந்தன் திருவிழாக் கண்டு வளர்ந்த எமக்கு முருகனைக் குழந்தையாகக் காண்பது பழகிய ஒன்று. 1969 இல் ‘துணைவன்’ திரைப்படத்தில் அவ்வேடம் புனைந்தவரோ ஆறு வயதும் நிரம்பாத ஸ்ரீதேவி. குழந்தை நட்சத்திரங்களைப் பற்றி எழுதுவோர் ‘வயதுக்கு மீறிய முதிர்ச்சி’ என வியந்து அமைவர்; அம்முதிர்ச்சிக்கு விலை கொடுத்தவர் யார் என வினவுவதில்லை. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ (1976) வெளிவந்தபோது அவருக்கு வயது 13. ஏற்றதோ, தம்மினும் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்த ரஜினிகாந்துக்குச் சிற்றன்னை வேடம்! மறு ஆண்டு வந்த ‘16 வயதினிலே’ படத்தின் மயிலாக நடித்தபோதும் அவர் பதினாறை எட்டவில்லை. மயிலின் மருட்சியில் நடிப்பு எவ்வளவு, சிறுமியின் இயல்பு எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று. அதனை நடிகையின் குறையாக நான் கொள்ளேன். கூசவேண்டியவர்கள் பார்த்து மகிழ்ந்த நாமே.

‘மூன்றாம் பிறை’ (1982) இவ்வகையில் விந்தையானது. விபத்தினால் நினைவிழந்து குழந்தை மனத்துக்குத் திரும்பிவிட்ட பெண்ணாக அவர் தோன்றினார். உடன் நடித்த கமல்ஹாசனும் ‘களத்தூர் கண்ணம்மா’ (1960) தந்த குழந்தை நடிகரே. தேசிய விருதும் அவரையே சேர்ந்தது. ஆயினும், நாய்க்குட்டியைச் ‘சுப்பிரமணி’ என்றழைத்து (அதுவும் முருகன் பெயரே!) விளையாடும் காட்சிகளில், படப்பிடிப்புத் தளங்களிலே கழிந்துபோன பருவத்தைப் பதினெட்டு வயதில் ஸ்ரீதேவி விளையாடித் தீர்க்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.