படப் புத்தகமும் நம் மன்றத்து வழியும்

குழந்தைகளின் படப் புத்தகங்களைப் பற்றி இம்மலருக்கு எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். மூத்தோர் இட்ட பணி, தட்ட முடியவில்லை. உறுப்பினர்கள் அறிந்த வரலாற்றை விரிக்காமல் வழிகளை மட்டும் சுட்டுகிறேன்.

முதலில் 1947இல் பிறந்த அம்புலிமாமா. ரஜூலா கப்பலிலும் பிறகு சிதம்பரம் கப்பலிலும் உறவினர் பெட்டியோடு நம் மலேசியாவுக்கு வந்த அந்த இதழில், ஓவியர்கள் சித்ரா, சங்கர் இருவரின் கோடுகளைப் பார்த்தே நம்மில் பலர் எழுத்துக் கூட்டினோம். அடுத்தது தில்லி வழி: 1957இல் சங்கர் பிள்ளை தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், அதே ஆண்டில் நேஷனல் புக் டிரஸ்ட். மிக்கி பட்டேலின் படப் புத்தகத்து ரூபா யானை அங்கிருந்து வந்தவள். நியூ செஞ்சுரி புத்தக நிலையம் பரப்பிய சோவியத் நூல்களுக்கும் இங்கே அன்பர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

பிந்தியது சென்னை வழி. பதிப்பகங்களான தாரா 1994இலும், ஒரே கதையைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் தரும் தூலிகா 1996இலும் தொடங்கின. தாராவின் 'டைகர் ஆன் எ ட்ரீ' நூலில் புலக் பிஸ்வாஸ் கறுப்பையும் ஆரஞ்சையும் மட்டும் வைத்துப் புலியை மரமேற்றினார். எங்கள் மன்றத்துக் கதை வாசிப்பில் அதற்கு மேல் வண்ணம் கேட்ட குழந்தை இல்லை.

ஆனால் நல்ல நூல் இருந்தால் போதாது. பிடிக்கும் கை வேண்டும். கிள்ளான் வட்டாரத் தோட்டப் பள்ளியில் கற்பித்து ஓய்வுபெற்ற எங்கள் டீச்சரம்மாவிடம் அதைக் கற்றோம். (பெயரை அச்சிடக் கூடாதென்பது அவர் கட்டளை.) பாயில் பிள்ளைகளோடு உட்காருவார். புத்தகம் அவர்கள் பக்கமே திரும்பியிருக்கும். வரிகள் அவருக்கு மனப்பாடம். பக்கத்தைப் புரட்டியதும் வாய் திறக்க மாட்டார். ஆகச் சின்னப் பிள்ளை படத்தைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பார். அச்சில் உள்ள சொல்லை மாற்ற மாட்டார். ஆங்கில நூலென்றால் தமிழ் வரிகளை முன்பே எழுதி ஒட்டி வைத்திருப்பார். கதை முடிந்ததும் "இன்னொரு தரம்" என்று யாராவது கேட்டால் முதல் பக்கத்துக்குத் திரும்புவார். "என்ன படிப்பினை?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்று பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மண்டபங்களில் கதை சொல்வோர் பெருகியிருக்கிறார்கள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, நல்லெண்ணத்தில் குறையுமில்லை. ஆனால் படத்தைத் திரையில் போட்டு, மைக்கில் கத்தி, மூன்று பக்கத்துக்கு ஒருமுறை கைதட்டச் சொன்னால் பிள்ளை படத்தை எப்போது பார்க்கும்? கடைசியில் நீதியை ஒப்பிக்கச் சொல்லிப் பரிசு வேறு. தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிந்தும் புத்தகக் கடைகளில் பயிற்சிப் புத்தகங்களின் ஆட்சிதான். படப் புத்தகத்துக்கு ஒரு தட்டுக்கூட இல்லாத கடைகளைப் பார்த்து மனம் நொந்து திரும்பியிருக்கிறேன். நான்கு வயதில் படம் பார்க்க விடாத வீட்டிலிருந்து நாற்பது வயதில் வாசகன் வரமாட்டான். நம் எழுத்தாளர்களின் நூல்கள் வெளியீட்டு விழாவோடு அடங்கிவிடுவதற்கும், பொது மேடைகளில் தமிழ் தடுமாறுவதற்கும், நம் மன்றக் கூட்டங்களில் இளையோர் நாற்காலிகள் காலியாகக் கிடப்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. இதை மிகையென்று சொல்வோர் சொல்லட்டும்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையத்தளம் 2015 முதல் தமிழ்க் கதைகளையும் இலவசமாகத் தருவதால் காசைக் காரணம் காட்ட வழியில்லை. அச்சிட்டுத் தைத்து வையுங்கள். வரும் பள்ளி விடுமுறையில் கதை வாசிக்க முன்வருவோர் முதலில் ஒரு மாலை டீச்சரம்மாவின் பாயில் உட்கார்ந்து கேளுங்கள். செயலாளரிடம் இப்போதே பெயர் கொடுங்கள்.