காலண்டரில் இல்லாத முகம்

எங்க வீட்டுச் சுவரில் ஒரே ஒரு ஆணி. வருசா வருசம் அதில் ஒரு சாமி காலண்டர் தொங்கும். ரோஜா நிற மேனி, பின்னால் பச்சை மலை, ததும்பும் ஆறு. வாசலுக்கு வெளியே கரிசல் வெடிச்சுக் கிடக்கும். காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து அம்மா தீப்பெட்டி ஒட்டுவாள். "சாமின்னா செவப்பாத்தாண்டா இருக்கும்" என்பாள். நானும் நம்பினேன்.

அந்தச் சாமிகள் பிறந்தது எங்க கோவில்பட்டியில்தான். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகத் திரைச்சீலை எழுதியவர். இங்கே தங்கி, டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்களோடு வரைந்தார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. கோயிலுக்குள் விடாத எங்களிடம் சாமியைக் கொண்டுவந்தது அந்தக் காகிதம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் பள்ளி தந்த ஒளி-நிழல் உத்தியும் மேல்சாதி வகுத்த மேனியழகும் ஒரே தாளில் கைகோத்து நின்றன. 1947இல் கொடி மாறியது, காலண்டர் மாறவில்லை. ஒட்டுகிற கருத்த கைக்கு அதில் இடமே இல்லை.

பிறகு நம்மைப் படமெடுக்க வந்தார்கள். எரிந்த குடிசை, மலக்கூடை, பிணம். நாம் அடிபட்டால்தான் கேமரா நம்ம தெருவுக்குள் நுழையும்.

வாடிப்பட்டிக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன் இந்தப் பார்வையைத்தான் உடைக்கிறார். 2020 ஊரடங்கில் ஊர் திரும்பி, தம் குடும்பத்தையே படமெடுத்தார். அவர் பாட்டி பொன்னுத்தாய் தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தியவர். இங்கே எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒரே வீட்டுக்காரர்கள். இரக்கத்துக்கு வேலையில்லை. பிரியம் இருக்கிறது, சலிப்பு இருக்கிறது, கௌரவம் இருக்கிறது. இதுதான் தலித் அழகியல் என்று நான் சொல்வேன்.

ஒரு விமர்சனமும் உண்டு. 'மீனைப் போல உணர்கிறேன்' என்று பொருள்படும் அந்தத் தொடரின் தலைப்பு ஆங்கிலத்தில்தான் புழங்குகிறது. படங்களும் கண்காட்சிச் சுவர்களில்தான் அதிகம் தொங்குகின்றன. இது கலைஞனின் குற்றமல்ல. கொண்டையராஜுவுக்கு சிவகாசி இருந்தது. நமக்கு எந்த அச்சகம் இருக்கிறது?

அம்மாவிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "நம்ம வீட்டு ஆளுக மாதிரில்ல இருக்கு! இதையெல்லாமாடா சுவத்துல மாட்டுவாக?"

மாட்டணும்மா. அந்த ஆணி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.