ஒளிராத திரை

மின்கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, இ-இங்க் எனப்படும் மின்மைத் திரை கொண்ட வாசிப்புக் கருவி. கைப்பேசித் திரை கண்ணுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறது. இ-இங்க் திரையோ காகிதத்தைப் போல, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. நடுப்பகல் வெயிலில் எழுத்து இன்னும் துலங்கும். முடியிழையின் பருமனே உள்ள நுண்குமிழ்களுக்குள், எதிரெதிர் மின்னேற்றம் பெற்ற வெள்ளை, கறுப்புத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலம் மாறினால் ஒன்று மேலே வரும், மற்றது அடியில் இறங்கும். அவ்வளவுதான் எழுத்து! அமைந்த பக்கம் அப்படியே நிற்க மின்சாரம் வேண்டாம். பக்கம் திருப்பும்போதுதான் செலவு. ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வருவது அதனால்தான்.

இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், உலகச் செய்தித்தாள்களைக் காட்டும் கையடக்கத் தகடு ஒன்றை 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' நாவலில் எழுதிவிட்டார். இ-இங்க் திரை கொண்ட முதல் கிண்டில் வாசிப்புக் கருவி வர 2007 ஆயிற்று. மின்னூல்களைக் கையாளும் மென்பொருளில் என் தேர்வு 'காலிபர்': இலவசம், திறமூலம், மின்னூலைப் பல வடிவங்களுக்கு மாற்றித் தரும்.

வீடியோவுக்கு இந்தத் திரை ஆகாது. படிப்பதற்கு இதைவிட நல்ல திரையை நான் பார்த்ததில்லை. வாங்கும் முன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, எழுத்துரு சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.