ஒடிசியஸ் என்றும் யுலிசிஸ் என்றும்

ஹோமரின் காவிய நாயகனுக்குக் கிரேக்கத்தில் ஒடிசியஸ் என்று பெயர். ரோமர்கள் உலிக்ஸஸ் என்றார்கள். ஆங்கிலத்தில் யுலிசிஸ் ஆயிற்று. ரோமர்கள் பெயரைச் சிதைத்துவிட்டார்கள் என்று பழி சொல்ல முடியாது. ஏதென்ஸின் பழைய மட்பாண்டங்களிலேயே லகரம் வரும் வடிவம் காணப்படுகிறது.

பெயரோடு ஆளும் மாறினான் என்பதுதான் முக்கியம். ட்ராய்க்காரர்களின் பக்கம் நின்று பாடிய வர்ஜிலுக்கு அவன் வஞ்சகன். ஹோமரை மூலத்தில் படித்திராத தாந்தே, லத்தீன் மரபு தந்த அவனை நரகத் தீயில் நிறுத்தினார். 1922-இல் ஜாய்ஸ் தன் நாவலுக்குச் சூட்டியதும் ரோமப் பெயரையே. இரு மரபுக்கு இரு பெயர் இருப்பது வாசகருக்கு நல்லதுதான். ஆனால் அலெக்சாண்டர் போப் 1725–26-இல் ஹோமரையே மொழிபெயர்த்தபோதும் யுலிசிஸ் என்று எழுதினாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

காரணம் அக்காவியத்தின் பத்தொன்பதாம் பாகத்தில் இருக்கிறது. கால் கழுவும் செவிலி பழைய தழும்பைக் கண்டு அவனை அடையாளம் கொள்ளும் இடத்தில், பெயர் வந்த கதையும் வருகிறது. பலரோடு பகை கொண்டவன் நான் என்று சொல்லி, தாத்தா ஆட்டோலிகஸ் 'சினத்தல்' என்னும் வினையிலிருந்து பேரனுக்குப் பெயர் எடுக்கிறார். ரோமப் பெயரில் அந்த வினையின் ஒலியே இல்லை. ஒடிசியஸ் என்று எழுதினாலும் ஒலிதான் வரும், பொருள் வராது. நமக்கும் இது புதிதல்ல. அச்சமூட்டுபவன் என்று பொருள்படும் விபீஷணன், கம்பனில் வீடணன் ஆனான். தமிழ் நாவுக்கு இதமாயிற்று, வேர் மறைந்தது. ஆகவே இந்த இடத்தில் மட்டுமாவது, அடிக்குறிப்புக்குத் தள்ளாமல், தாத்தாவின் பேச்சுக்குள்ளேயே பொருளைச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பதாம் பாகத்தில் சிக்கல் தலைகீழ். ஒற்றைக்கண் அரக்கனிடம் அவன் சொல்லும் பொய்ப்பெயர் 'ஊடிஸ்'. 'ஒருவருமில்லை' என்று பொருள். இங்கே ஒலியைக் காத்தால் கதையே செத்துவிடும், பொருளைத்தான் பெயர்க்க வேண்டும். ஆனால் தமிழில் எதிர்மறை வினையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! 'ஒருவருமில்லை என்னைக் கொல்கிறான்' என்று அரக்கன் அலறினால் அது தமிழாகாது, ஏமாற்றும் பலிக்காது. நல்லவேளை, ஹோமரிலேயே அக்கம்பக்கத்து அரக்கர்கள் வந்து, உன்னை யாராவது கொல்கிறார்களா என்று கேட்கிறார்கள். வாக்கியத்தை முடிக்கவிடாமல், 'ஒருவருமில்லை!' என்ற ஒற்றைச் சொல்லையே விடையாகக் கத்தவிட்டால் போதும். அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.